சாமான் இருக்கிறது, எடுத்துக் கொடுக்கத்தான் ஆள் இல்லை

திருப்பூர் வாசகர் கேட்டது, 11 அக்டோபர் 2025

"தீபாவளிக்கு ஒன்பது நாள்தான் இருக்கிறது. எங்கள் தெருவில் மூன்று மளிகைக்கடை. உரித்த பூண்டு இல்லை, கொட்டை எடுத்த புளி இல்லை, தேங்காய் கேட்டால் 'நாளைக்கு வாங்க' என்கிறார்கள். ஏன் என்றால் மூன்று பேரும் ஒரே பாட்டுப் பாடுகிறார்கள்: ஆள் இல்லீங்க. ஊர் முழுக்க ஆள்கள்தானே நடமாடுகிறார்கள்? இது விலை ஏற்றுவதற்குச் சொல்லும் சாக்குதானே?"

12 அக்டோபர் 2025, இரவு 10 மணி

சாக்கு இல்லைங்க. பெருந்துறைக்குப் பக்கத்தில் 22 வருஷமாக மளிகைக்கடை நடத்துகிறேன். அந்த மூன்று பேர் பாடிய பாட்டைத்தான் நானும் தினமும் பாடுகிறேன்.

நீங்கள் கேட்ட மூன்றையும் இன்னொரு தடவை படியுங்கள். உரித்த பூண்டு, கொட்டை எடுத்த புளி, தேங்காய். மூன்றும் யாராவது உட்கார்ந்தோ ஏறியோ கையால் செய்து தரவேண்டிய சாமான். பிஸ்கட் இல்லை என்றார்களா? சோப்பு? ஷாம்பு? சொல்லியிருக்க மாட்டார்கள். அதெல்லாம் பெட்டியோடு வருகிறது, பிரித்துச் சரம் சரமாகத் தொங்கவிட்டால் முடிந்தது. என் கடையில் இந்த நிமிஷம் பூண்டு மூட்டையாகக் கிடக்கிறது. கொட்டைப் புளி இரண்டு சிப்பம் கிடக்கிறது. உரிக்கவும் தட்டவும்தான் கை இல்லை.

முன்பெல்லாம் மத்தியானம் கடைக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் நாலு பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். மிளகாய்க்குக் காம்பு கிள்ளுவது, புளி தட்டுவது, கொத்தமல்லியில் கல் பொறுக்குவது எல்லாம் அங்கேதான். பேச்சும் சிரிப்புமாக இருக்கும், நடுவில் மிளகாய் நெடியில் தும்மல் கேட்கும். இப்போது மரம் மட்டும்தான் இருக்கிறது.

காரணம் கேட்டால் ஒரே வரியில் சொல்வேன்: நூறு நாள் வேலை. அங்கே போய் நிழலில் உட்கார்ந்தால் காசு வரும்போது, இங்கே வந்து எதற்குத் தும்ம வேண்டும்?

12 அக்டோபர், 11.15

"நாலு பெண்கள்" என்று எழுதியதை வீட்டில் படித்துவிட்டு, "நாலா? மூணு பேருங்க. நாலாவது ஆள் நான்" என்கிறாள். திருத்திக்கொள்கிறேன். அந்த நாலாவது ஆளுக்குக் கூலி கொடுத்த ஞாபகமும் எனக்கு இல்லை.

14 அக்டோபர்

தேங்காய் பற்றித் தனியாக எழுத வேண்டும், அது பெரிய கதை.

அப்பா வைத்த 64 தென்னை எனக்கு இருக்கிறது. 45 நாளைக்கு ஒருமுறை காய் போட ஆள் வரவேண்டும். எங்கள் பக்கம் சுற்றுவட்டாரத்துக்கே ஏறுகிறவர் இப்போது ஒருவர்தான், 61 வயது. பொண்ணு பார்க்க வருகிறவர்களுக்குக் காத்திருப்பதுபோல அவருக்குக் காத்திருப்போம். "வெள்ளிக்கிழமை வர்றனுங்க தம்பி" என்பார், எந்த வெள்ளி என்று சொல்லமாட்டார்.

போன மாதம் வந்தார். மோர் குடித்தார், அண்ணாந்து பார்த்தபடி தோப்பை ஒரு சுற்று சுற்றினார், நாலு மரத்தை "இது அடுத்த வெட்டுக்கு இருக்கட்டும்" என்று ஒதுக்கினார். காலில் தளையை மாட்டிக்கொண்டு ஏற ஆரம்பித்தார். ஒன்பதாவது மரமோ பத்தாவது மரமோ, முக்கால் உயரத்தில் அப்படியே நின்றுவிட்டார். மரத்தைக் கட்டிப்பிடித்து, கன்னத்தை மரத்தில் வைத்தபடி. கீழே நின்ற எனக்கு வயிற்றைக் கலக்கியது. "அண்ணா, ஏனுங், என்னாச்சுங்?" என்று கத்தினேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் மேலிருந்து குரல் வந்தது: "ஒண்ணுமில்லீங்க தம்பி, மூச்சு வாங்கிக்கறேன். காய் உழுகும், தள்ளி நில்லுங்க." அன்றைக்கு 30 மரத்தோடு நிறுத்திவிட்டோம். மீதி 34 மரத்தில் காய் இன்னும் மேலேதான் இருக்கிறது, தானாக விழுந்தால் பொறுக்குகிறோம்.

அவர் மகன் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்க்கிறான். மதியச் சாப்பாடு, பி.எஃப்., ஞாயிறு லீவு. "பையன் ஏறமாட்டானுங்களா?" என்று ஒருமுறை கேட்டுவிட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் எனக்கே கூச்சமாகிவிட்டது. இன்ன வீட்டுப் பிள்ளைதான் மரம் ஏற வேண்டும் என்று இருந்த காலம் போனதில் எனக்குத் துளியும் வருத்தம் இல்லை. காய் மேலே நிற்பதில் வருத்தம் உண்டு. இரண்டும் ஒரே மண்டைக்குள் இருக்கத்தான் செய்கிறது.

பெரிய தோப்புக்காரருக்கு இந்தக் கவலை குறைவு. வியாபாரியே ஆள்களோடு வண்டியில் வந்து போட்டு, எண்ணி, ஏற்றிக்கொண்டு போய்விடுவார். 64 மரத்துக்கு அவர் வரமாட்டார். எங்களை மாதிரிச் சின்னத் தோப்புக் காய்தான் உள்ளூர்க் கடைக்குப் போய்க்கொண்டிருந்தது. இப்போது அது முற்றி விழுந்து, காய்ந்து, கொப்பரையாகி ஏலத்துக்குப் போகிறது. சட்னிக்கு வரவேண்டியது செக்குக்குப் போய்விடுகிறது. நீங்கள் கேட்ட "நாளைக்கு வாங்க" இங்கேதான் பிறக்கிறது.

மிஷினில் ஏறலாமே என்று யாராவது எழுதுவதற்குள் சொல்லிவிடுகிறேன். தென்னை வளர்ச்சி வாரியம் 2011 முதல் இளைஞர்களுக்கு அந்தப் பயிற்சி கொடுக்கிறது. என் அக்கா மகன் போய்ப் படித்தான். சான்றிதழ் வாங்கினான், மரத்தின் மேலிருந்து போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைத்தான். இப்போது செல்போன் கடையில் இருக்கிறான்.

15 அக்டோபர்

பொள்ளாச்சி நண்பர் ஒருவர் காதைத் திருகிவிட்டார், திருக வேண்டியதுதான். ஏற ஆள் இல்லாததால் தேங்காய் விலை ஏறியது என்று நான் எழுதவில்லை. ஆனால் எழுதின விதம் அப்படித்தான் கேட்கிறது.

விலை ஏறியதற்கு முதல் காரணம் காய்ப்புக் குறைவு. சுருள் வெள்ளை ஈ 2016-இல் முதலில் தென்பட்டதே பொள்ளாச்சிப் பக்கம்தான். அது இலையில் கரும்பூசணத்தை விட்டுவிட்டுப் போகும், ஓலை கரி பூசினமாதிரி நிற்கும். அதோடு ஆனைமலை வட்டாரத்தில் வேர் வாடல் நோய் ஆயிரக்கணக்கில் மரத்தை வெட்ட வைத்தது. 2024 கோடை வெயில் வேறு குரும்பையை உதிர்த்தது. இளநீராகவே வெட்டி வடக்கே அனுப்புவதும் கூடிவிட்டது. அதனால்தான் அரசு 2025-க்கு அரவைக் கொப்பரைக்குக் குவிண்டால் 11,582 ரூபாய், அதாவது கிலோ 116-க்குள், ஆதரவு விலை வைத்திருக்க, வெளியே கிலோ 200-ஐத் தாண்டிப் போனது.

சரி. விலைக்கு நோய், "நாளைக்கு வாங்க"வுக்கு ஆள் இல்லாமை. இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டியது என் தப்பு.

18 அக்டோபர்

தீபாவளிக் கூட்டம். எழுத நேரமில்லை. கடையில் நான் ஒருத்தன், கல்லாவில் வீட்டுக்காரி. ஒருவர் "பத்து நிமிஷத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்களே, நீங்கள் ஏன் இவ்வளவு நேரம்?" என்று கேட்டார். அந்தப் பத்து நிமிஷ வண்டியை ஓட்டுகிறவன் முன்பு என் மாதிரிக் கடையில் பொட்டலம் மடித்துக்கொண்டிருந்தவன்தான், தெரிந்துகொள்ளுங்கள்.

22 அக்டோபர்

மூன்று வருஷமாக என் கடையில் இருந்தவன் ஒரு பீகார்த் தம்பி, கயா பக்கம். 16-ஆம் தேதியே ஈரோட்டில் தன்பாத் ரயில் ஏறிவிட்டான். அங்கே இறங்கி வேறு வண்டி பிடித்து ஊருக்குப் போவான். வழக்கமாகச் சத் பூஜைக்கு, தீபாவளி கழித்து அவர்கள் சூரியனைக் கும்பிடும் பண்டிகைக்கு, போய்ப் பதினைந்து நாளில் வந்துவிடுவான். இந்த வருஷம் சட்டமன்றத் தேர்தலும் சேர்ந்துகொண்டது, அவன் ஊருக்கு நவம்பர் 11-இல் ஓட்டு. "தீபாவளி முடிஞ்சு போடா" என்றேன். "டிக்கெட் அப்ப கெடைக்காதுண்ணா" என்றான். அவன் சொன்னது நிஜம். நான் கேட்டது பேராசை.

அவன் இல்லாததில் மூட்டை தூக்க ஆள் இல்லை, அது ஒரு பக்கம். இன்னொரு பக்கத்தை இன்று காலையில்தான் பார்த்தேன். உருளைக்கிழங்கு மூட்டையைப் பிரித்தால் பாதி முளைவிட்டிருக்கிறது.

என் கடையில் கடுகு எண்ணெய் உண்டு. சத்து என்று அவர்கள் சொல்லும் வறுத்த கடலை மாவு, சிவப்பு மசூர் பருப்பு, சோயா உருண்டை, பத்துக் கிலோ ஆட்டா, உருளைக்கிழங்கு எல்லாம் உண்டு. பத்து வருஷத்துக்கு முன் இதில் பாதி எனக்கு என்னவென்றே தெரியாது. சிப்காட்டைச் சுற்றி லைன் வீடுகளில் இருக்கும் பையன்களுக்காக வைத்தேன். அவர்கள் ஊருக்குப் போனதும் அந்த அலமாரியே உறைந்துவிட்டது. ஆள் பற்றாக்குறை என்றால் கவுன்ட்டருக்கு உள்ளே மட்டும் என்று நினைத்திருந்தேன். வெளியேயும் ஆள் குறைகிறது.

யோசித்துப் பார்த்தால் இது மூன்றாவது தடவை. 2020 மே மாதம் சிறப்பு ரயில்களில் கூட்டம் கூட்டமாகக் கிளம்பினார்கள். 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் வடமாநிலத்தவரை அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவி, ஹோலிக்கு முன்னால் திருப்பூரிலிருந்தும் கோவையிலிருந்தும் பலர் ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள். பீகாரிலிருந்து அதிகாரிகளே நேரில் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அந்த வாரம் எங்கள் தம்பி கடையை விட்டு வெளியே வரவே பயந்தான். ராத்திரி அவன் அம்மா போன் செய்தால், போனை என்னிடம் கொடுத்து "நீங்களே சொல்லுங்கண்ணா" என்பான். எனக்குத் தெரிந்த இந்தி "கித்னா", "பாஞ்ச் ரூப்யா" அவ்வளவுதான். "டீக் ஹை, டீக் ஹை" என்று பத்துத் தடவை சொல்வேன். அந்த அம்மாவுக்கு அது போதுமானதாக இருந்திருக்கிறது.

28 அக்டோபர்

எல்லாரும் போய்விடவில்லை. ஒரு மில் குடியிருப்பில் ஏழெட்டுக் குடும்பம் ரயில் கிடைக்காமல் இங்கேயே தங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பெண்கள் நாலு பேர் வந்து சத் பூஜைக்குப் பட்டியல் கொடுத்தார்கள்: மட்டையோடு தேங்காய், ஒரு தார் வாழை, தோகையோடு கரும்பு, இலையோடு மஞ்சள் செடி.

மட்டையோடு தேங்காய்! உரிக்கவே வேண்டாம் என்று கேட்கும் வாடிக்கையாளர் எனக்கு எந்த ஜென்மத்துப் புண்ணியமோ. மஞ்சள் செடிக்கு எங்கேயும் அலையவில்லை, ஈரோட்டு மாவட்டத்தில் அக்டோபரில் மஞ்சள் இடுப்பு உயரம் நிற்கும். பக்கத்துக் காட்டுக்காரரிடம் கேட்டு வேரோடு பத்துச் செடி பிடுங்கிக் கொடுத்தேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. "பொங்கலுக்கு நாம வெக்கறோமில்லீங்க, அதே மாதிரி" என்றதும் காசு வாங்கமாட்டேன் என்றுவிட்டார்.

நேற்று சாயங்காலம் கீழ்பவானி வாய்க்கால் ஓரம் போனேன். முழங்கால் தண்ணீரில், முறத்தில் அந்தத் தேங்காயும் மஞ்சளும் வைத்து மேற்கே பார்த்து நின்றுகொண்டிருந்தார்கள். என் கடைச் சாமானை அவ்வளவு மரியாதையாக யாரும் பிடித்து நான் பார்த்ததில்லை.

2 நவம்பர்

முதல் நாள் எழுதிய "ஒரே வரி"யை இன்று பாதி வாபஸ் வாங்குகிறேன்.

முன்பு புளி தட்ட வந்துகொண்டிருந்த அக்காவைச் சந்தைக்குப் போகும் வழியில் பார்த்தேன். "ஏனுங்க்கா, நூறு நாள் வேலை ரொம்பப் புடிச்சுப் போச்சாட்ட இருக்குது, கடைப் பக்கமே காணோம்" என்றேன். கிண்டலாகத்தான் கேட்டேன். அவர் கூடையை இறக்கி வைத்துவிட்டுப் பேச ஆரம்பித்தார்.

"நூறு நாளுன்னு பேருதானுங் தம்பி. போன வருசம் எனக்கு முப்பத்தஞ்சு நாளு வந்துது. அந்தக் கூலியும் ஏறுறதுக்கு நாலு மாசம் ஆச்சு. நான் எங்க போறன்னு தெரியுமா? காலையில ஆறரைக்கு வேன் வருது. பனியன் கம்பெனில பிசிறு வெட்டறேன். ஃபேன் இருக்குது, சாயங்காலம் டீ, வடை. வாரத்துல சனிக்கெழம சம்பளம். உங்க கடையில என்ன இருந்துது? உக்கார்றதுக்குக் கல்லு."

உண்மை. வேப்பமரத்தடியில் கிடப்பது கல்தான். நூறு நாள் வேலைக்கு 2025-26-இல் தமிழ்நாட்டில் நாள் கூலி 336 ரூபாய். அதுவும் நாலாயிரம் கோடிக்கு மேல் நிலுவை என்று மார்ச்சில் ஊர் ஊராகப் போராட்டம் நடந்தது. வராத கூலிக்காக ஒருத்தர் என் கடையை விட்டுப் போயிருப்பார் என்று நான் எப்படி நம்பினேன்? நம்புவதற்கு வசதியாக இருந்தது, அவ்வளவுதான். என் கூலி குறைச்சல் என்று ஒத்துக்கொள்வதைவிட அரசாங்கத்தைத் திட்டுவது சுலபம்.

முழு வாபஸ் இல்லை. நடவு, களை சமயத்தில் பஞ்சாயத்து வேலை ஓடினால் காட்டுக்கு ஆள் வராது, அதை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் பெரிய ஆற்றை விட்டுவிட்டு ஓடையைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். திருப்பூர்க்காரர்கள் கிராமம் கிராமமாக யூனிட் திறந்துவிட்டார்கள், வேன் வாசலுக்கே வருகிறது.

இன்னொன்றும் இருக்கிறது. நாங்கள் அண்ணன் தம்பி, அக்கா தங்கை ஐந்து பேர். எனக்கு ஒரே பையன், பெங்களூரில். 2019–21 குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்கு 1.8 குழந்தை, பீகாரில் 3. என் வீடும் என் கடைத் தம்பியின் வீடும் அந்தக் கணக்கில் அப்படியே உட்கார்ந்திருக்கின்றன. அவன் வீட்டில் நாலு பேர்.

3 நவம்பர்

கல் பற்றி எழுதியதற்கு ஒருவர் சட்டம் சொல்கிறார். சரிதான். கடையில் வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இருக்கை தரவேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-இல் கடைகள் சட்டத்தைத் திருத்தினார்கள். நான் அப்போது சிரித்தேன், இதற்கெல்லாமா சட்டம் என்று. இன்று இரண்டு நாற்காலியும் ஒரு டேபிள் ஃபேனும் வாங்கிப் போட்டேன். வீட்டுக்காரி முதலில் வந்து உட்கார்ந்து பார்த்தாள். "22 வருசம் கழிச்சு" என்றாள்.

5 நவம்பர்

கேட்டவர்களுக்குச் சுருக்கமாக.

சின்ன வெங்காயம்: பொங்கலூர், குண்டடம் பக்கம் பட்டறையில் அடுக்கிச் சேமித்து வைத்திருக்கிறார்கள், காய் இருக்கிறது. தாள் அரிந்து சுத்தம் செய்யத்தான் பெண்கள் கிடைப்பதில்லை. அதனால் தாளும் மண்ணுமாகவே கடைக்கு வருகிறது. விலையில் அந்த மண்ணும் சேரும்.

மல்லிகை: சத்தியமங்கலத்தில் விடிவதற்குள் மொட்டாகப் பறிக்க வேண்டும். பறிக்க ஆள் தாமதமானால் வெயில் ஏறிப் பூத்துவிடும், பூத்ததற்கு விலை கிடையாது. புளியாவது காத்திருக்கும், பூ காத்திருக்காது.

நாட்டுச்சர்க்கரை: கவுந்தப்பாடிச் சரக்கை நம்பித்தான் பழனிப் பஞ்சாமிர்தமே இருக்கிறது, தேவஸ்தானம் அங்கேதான் வாங்குகிறது. கரும்பு வெட்டவும் பாகு காய்ச்சும் கொப்பரைப் பக்கம் நிற்கவும் ஆள் கிடைக்காமல் எங்கள் பக்கம் இரண்டு ஆலை அடுப்பை அணைத்துவிட்டது. கொதிக்கிற பாகுக்கு முன்னால் ஒரு மணி நேரம் நின்று பார்த்தவர்கள் மேற்கொண்டு கேட்கமாட்டார்கள்.

முட்டை: தட்டுப்பாடே இல்லை. நாமக்கல் பண்ணைகளில் குடும்பத்தோடு வந்து தங்கியிருக்கிற வடமாநிலத்தவர் இல்லாவிட்டால் அதுவும் இந்தப் பட்டியலில் சேரும்.

9 நவம்பர்

மூட்டை பற்றி. நான் கடை வைத்த புதிதில் அரிசி 75 கிலோ மூட்டையாக வரும். இறக்க இரண்டு பேர் வருவார்கள், முதுகில் சாக்கை மடித்துப் போட்டுக்கொண்டு, ஒருத்தர் தூக்கிவிட ஒருத்தர் சுமப்பார். மூட்டைக் கணக்குக்குக் கூலி. அவர்களுக்கு வயதாகிவிட்டது, அடுத்து வந்தவர்கள் தூக்கமாட்டேன் என்றார்கள். தூக்காமல் இருப்பதே நியாயம், பழைய ஆளில் ஒருவருக்கு இப்போது நிமிர்ந்தே நடக்க முடியாது. அதனால்தான் இப்போது எல்லாம் 26 கிலோ சிப்பமாக வந்துவிட்டது. ஆள் பற்றாக்குறை நம் அரிசி மூட்டையின் அளவையே மாற்றிவிட்டது பாருங்கள்.

9 நவம்பர், ஒரு மணி நேரம் கழித்து

தப்பு, தப்பு. 75 போய் 50 ஆனதும், 50 போய் 25 ஆனதும் சுமக்கிற ஆளால், சரி. ஆனால் 25 ஏன் 26 ஆனது? ஜி.எஸ்.டி. 2022 ஜூலை 18 முதல் 25 கிலோ வரையிலான அடைத்த சிப்பத்துக்கு 5 சதவீத வரி போட்டார்கள். ஒரு கிலோ சேர்த்து அடைத்தால் வரி இல்லை. அந்த ஒரு கிலோவைத் தூக்குகிறவர் யார் முதுகில் சேர்த்தார்கள் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. ஞாபகப்படுத்திய மகனுக்கு நன்றி. பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு இதைப் படிக்கிறான் என்பதே எனக்குத் தெரியாது.

12 நவம்பர்

முதல் கேள்வி கேட்ட திருப்பூர் நண்பர் திரும்ப வந்து ஒரு நல்ல கேள்வி கேட்டிருக்கிறார். அமெரிக்கா ஆகஸ்ட் 27 முதல் 50 சதவீத வரி போட்டதில் திருப்பூரில் ஆர்டர் குறைந்து ஷிப்ட் குறைந்திருக்கிறதே, அப்படியானால் ஆள் மிஞ்ச வேண்டும் அல்லவா, உங்கள் கடைக்கு ஏன் வரவில்லை?

நானும் அப்படித்தான் எதிர்பார்த்தேன். வரவில்லை. ஓவர்லாக் மிஷினில் பத்து வருஷம் உட்கார்ந்தவர், ஓவர்டைம் போனாலும் மூட்டை தூக்க வரமாட்டார். இன்னொரு கம்பெனி பார்ப்பார், இல்லையென்றால் ஒரு மாதம் ஊருக்குப் போய்விட்டு வருவார். ஆள் என்பது தண்ணீர் மாதிரி மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஓடுகிற சாமான் இல்லை போலிருக்கிறது.

சோமனூரில் என் மச்சான் விசைத்தறியில் காடாத் துணி ஓட்டுகிறார், பன்னிரண்டு தறி. போன வாரம் போனபோது ஐந்துதான் ஓடிக்கொண்டிருந்தது. நூல் இருக்கிறது, கரண்ட் இருக்கிறது, கூலிக்குப் பாவும் (தறியில் நீளவாக்கில் ஓடும் நூல்) வந்திருக்கிறது. பாவு பிணைக்கிற ஆள் வரவில்லை. பழைய பாவின் நுனியையும் புதுப் பாவின் நுனியையும் ஒவ்வொரு இழையாக விரலில் திரித்து முடிய வேண்டும், ஆயிரக்கணக்கான இழை. அதைச் செய்கிறவர் அந்த ஊரில் மூன்று பேர், அதில் ஒருவருக்குக் கண் ஆபரேஷன். பக்கத்து ஊரில் ஷிப்ட் இல்லாமல் ஆயிரம் பேர் இருந்தாலும் அந்த விரல் அவர்களுக்கு இல்லை. மச்சான் தறிமேல் துண்டைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார். தறிச் சத்தம் இல்லாத சோமனூரில் பேசினால் நம் குரலே நமக்குப் பெரிதாகக் கேட்கிறது.

15 நவம்பர்

கயாவிலிருந்து போன். ஓட்டுப் போட்டாச்சாம். அக்காவுக்குக் கல்யாணம் டிசம்பர் முதல் வாரம், முடித்துவிட்டு வருகிறானாம். "கடுகு எண்ணெய் காலாவதி பாத்துக்குங்கண்ணா, பழையதை முன்னாடி வைங்க" என்றான். நான் பின்னாடி வைத்திருந்தேன்.

23 நவம்பர்

கடையில் மாற்றியதைச் சொல்லிவிடுகிறேன்.

சில்லறையாக நிறுத்துக் கொடுப்பதைக் குறைத்துவிட்டேன். பத்து ரூபாய்க்குக் கடுகு, பத்து ரூபாய்க்குச் சீரகம் என்று கேட்கிறவர்களுக்கு இரண்டு நிமிஷம் ஆகிறது, பின்னால் ஐந்து பேர் நிற்கிறார்கள். எல்லாவற்றையும் கால் கிலோ, நூறு கிராம் பாக்கெட்டாக ராத்திரி போட்டு வைத்துவிடுகிறோம். வேலை எங்கும் போகவில்லை, பகலில் இருந்தது ராத்திரிக்கு வந்திருக்கிறது.

இதில் அடி வாங்குவது தினக்கூலிக்காரர்கள், எனக்குத் தெரியும். அன்றைய காசுக்கு அன்றைய சாமான் வாங்குகிறவர் நூறு கிராம் மிளகுக்கு எங்கே போவார்? ஊரில் சாமான் குறையவில்லை, சின்ன அளவுதான் குறைந்துகொண்டிருக்கிறது. முந்தாநாள் ஒரு பாட்டி முந்தானையிலிருந்து ஐந்து ரூபாயை எடுத்து வைத்து, "வெந்தியம் குடு கண்ணு, வயித்து வலி" என்றார். பாக்கெட்டைப் பிரித்துக் கொடுத்தேன். பிரித்த பாக்கெட் இப்போது ரப்பர் பேண்ட் போட்டுக் கல்லாப் பக்கத்தில் இருக்கிறது. தினமும் மூன்று நாலு பாக்கெட் இப்படி ரப்பர் பேண்டோடு நிற்கிறது. ஆக, சில்லறையை நிறுத்திவிட்டேன் என்று மேலே எழுதினதும் பாதிதான் உண்மை.

கூலியைக் கூட்டினேன். சாயங்காலம் டீயும் வடையும் உண்டு.

27 நவம்பர்

பிசிறு வெட்டுகிற அக்கா வந்தார். கம்பெனியில் இப்போது வியாழக்கிழமை வேலை இல்லையாம். நாற்காலியைத் தள்ளிப் பார்த்தார், ஃபேனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். கூட இன்னொரு பெண்ணையும் கூட்டிவந்திருந்தார். சாயங்காலத்துக்குள் பதினோரு கிலோ பூண்டு உரித்தாயிற்று, புளி அரைச் சிப்பம் தட்டியாயிற்று.

திருப்பூர் நண்பரே, வியாழன் சாயங்காலம் பெருந்துறை வழியாகப் போனால் உரித்த பூண்டு இருக்கும். வெள்ளி மத்தியானத்துக்குள் தீர்ந்துவிடும். தேங்காய்க்கு மட்டும் கேட்காதீர்கள், பெரியவர் "வெள்ளிக்கிழமை வர்றனுங்க" என்றிருக்கிறார்.